பெர்மிட் கிடைத்துவிட்டதா? இனிமேல்தான் உஷார்!

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் இறங்கி, கூடாரம் போட்டு இரண்டு மூன்று ராத்திரி தங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்!

விளிம்புக்குக் கீழே ஒரு ராத்திரி கூடாரம் போட்டாலும் பெர்மிட் வேண்டும். எந்த முகாம், எந்த ராத்திரி என்பது வரைக்கும் அதில் இருக்கும். மாதக்கணக்கில் முன்னாலேயே குலுக்கலில் பெயர் கொடுத்தாலும், பலருக்குக் கிடைப்பது மிச்சம் மீதிதான். அந்த மிச்சத்தை வாங்கிக்கொண்டு கிளம்புகிறோமே, அங்கேதான் வில்லங்கம்.

ஒரு பையன். பெயர் வேண்டாம். அவனும் நண்பர்களும் கேட்டது இரண்டு ராத்திரி: ஆற்றங்கரையில் பிரைட் ஏஞ்சல் முகாம், மறுநாள் பாதி ஏற்றத்தில் ஹவசுபாய் கார்டன்ஸ். கிடைத்தது ஆற்றங்கரை மட்டும். அதுவும் ஜூலையில்!

"ஒரே மூச்சுல ஏறிடலாம்டா" என்று முடிவு. 15 கிலோமீட்டர். 1,300 மீட்டருக்கு மேல் ஏற்றம். முதுகில் மூட்டை. விடியுமுன் நடையைக் கட்டியிருக்க வேண்டியவர்கள், சாவகாசமாகக் காபி போட்டுக் குடித்துவிட்டு எட்டு மணிக்குக் கிளம்பினார்கள். பதினொரு மணிக்கு நிழலே இல்லாத கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பள்ளத்தில் கோடையில் நிழலிலேயே 43 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. காலை பத்திலிருந்து மாலை நாலு வரை நடக்காதீர்கள் என்று ரேஞ்சர்கள் தலைப்பாடாகச் சொல்வது சும்மாவா?

பையன் தண்ணீராகக் குடித்தான். எதுவும் சாப்பிடவில்லை. தலைவலி வந்தது. வாந்தி எடுத்தான். அப்புறம் கூட வந்தவனையே "நீ யாரு?" என்றானாம். மீட்புக் குழு வந்து தூக்கிப்போனது. பிழைத்தது புண்ணியம்!

வெறும் தண்ணீரும் ஆளைச் சாய்க்கும்! வியர்வையில் உப்புப் போய்க்கொண்டே இருக்கும்போது தண்ணீரை மட்டும் ஊற்றினால், ரத்தத்தில் சோடியம் நீர்த்துவிடும். மிக்சரோ உப்புக்கடலையோ பையில் இருக்கட்டும். பசிக்காவிட்டாலும் கொறியுங்கள். குமட்டல், தள்ளாட்டம், உளறல் தெரிந்தால் அடுத்த அடி வைக்காதீர்கள். நிழலில் உட்காரவைத்து ஆள் அனுப்புங்கள்.

திட்டத்திலேயே அபாயம் தெரியும், பாருங்கள். இரண்டு நாள் நடை ஒரே நாளாகச் சுருங்கிவிட்டதா? ஆபத்து! வழியில் குழாய் இருக்கிறது என்று பாட்டிலைக் குறைத்தீர்களா? பெரிய ஆபத்து! பள்ளத்தாக்கின் தண்ணீர்க் குழாய் 1960-களில் போட ஆரம்பித்தது. 2010-க்கு அப்புறம் மட்டும் 85 தடவைக்கு மேல் உடைந்திருக்கிறது. ஆற்றுக்கு இறங்கும் இன்னொரு வழியான சவுத் கைபாப் பாதையிலோ சொட்டுத் தண்ணீர் கிடையாது.

பதினைந்து பேர் பட்டாளமாகப் போகிற எண்ணமா? ஒரு குழுவுக்கு 11 பேர்தான். இரண்டு பெர்மிட்டாகப் பிரித்து வாங்கி ஒரே முகாமில் சேர்ந்துகொள்ளலாம் என்ற சாமர்த்தியம் அங்கே விதிமீறல்.

கோடையில் ஒற்றை ராத்திரிதான் மிச்சம் என்றால், விட்டுவிடுங்கள். குளிர்காலத்துக்குத் தள்ளிப்போடுங்கள். நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை பிரைட் ஏஞ்சல் மாதிரி ஒரே முகாமில் நாலு ராத்திரி வரை தங்கலாம். மற்ற மாதங்களில் இரண்டுதான். ஆனால் குளிர்காலத்தில் மேல்பாதை ஐஸாக உறைந்து வழுக்கும். ஷூவில் மாட்டும் இரும்புப் பல் இல்லாமல் இறங்காதீர்கள்!