நெற்றைப் பார்த்து மரத்தை அறிவோம்

இடம்பெயர்ந்து பழக்கமில்லாத காணியில் குடியேறும் குடும்பத்திற்கு வேலிக்குக் கதியால், ஆட்டுக்குக் குழை, பயிருக்குப் பசளை என்பன உடனே தேவைப்படும். பல ஆண்டுகளின் பின் சொந்த வளவுக்குத் திரும்புவோரின் நிலையும் இதுவே. பற்றை மூடிய காணியில் எந்த மரம் உதவும், எது தீங்கு செய்யும் என்று எப்படி அறிவது? கோடையில் பல மரங்கள் இலையுதிர்த்து நிற்கும். ஆனால் காய்ந்த நெற்று மரத்திலோ மரத்தின் கீழோ கிடக்கும். அதுவே நல்ல அடையாளம்.

நெற்றைக் கையில் எடுத்ததும் மூன்று விடயங்களைக் கவனியுங்கள். அது தட்டையா, உருளையா? முற்றியதும் தானாக வெடிக்கிறதா, மூடியபடியே விழுகிறதா? உள்ளே விதை எப்படி இருக்கிறது?

பயன் தரும் மரங்கள்

சீமைக்கிளுவை (கிளிரிசிடியா): தட்டையான நெற்று, ஏறக்குறைய 10 முதல் 15 சென்ரிமீற்றர் நீளம். வெயிலில் வெடித்து விதையைத் தூர எறிந்துவிடும். வெடித்த கோது முறுக்கிக்கொண்டு கிடக்கும். எனவே நெற்று மஞ்சள் கலந்த கபில நிறமாகும்போதே பறித்துவிடுங்கள். அடிக்கடி குழை வெட்டும் வேலியில் பூவும் காயும் அரிது. விதைக்கென ஒரு மரத்தை வெட்டாமல் விடுங்கள்.

இப்பில் இப்பில்: மெல்லிய, தட்டையான நெற்றுக்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். இருபுறமும் பிளந்து பளபளப்பான கபிலநிற விதைகளைக் காட்டும். குழை ஆடுமாட்டுக்கு நல்லது. ஆனால் அதை மட்டும் கொடுக்காமல் புல்லோடு கலந்து கொடுக்க வேண்டும்.

வாகை: இப்பில் இப்பிலை விட அகலமான, வைக்கோல் நிற நெற்று. கோடைக் காற்றில் மரம் முழுவதும் கலகலவென ஒலிக்கும்.

அகத்தி: ஒரு முழம் வரை நீண்ட, மிக ஒடுங்கிய நெற்று. உள்ளே விதைகள் வரிசையாக இருக்கும்.

முருங்கை: இதன் நெற்று மூன்றாகப் பிளக்கும். விதைக்கு மூன்று சிறகுகள் உண்டு. இது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல.

மேலே சொன்ன முதல் நான்கு மரங்களும் வேர்முடிச்சுக்கள் மூலம் காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்குத் தருபவை. எனினும் நெற்றுள்ள எல்லா மரமும் அப்படியல்ல. குழல்போல் நீண்டு கறுத்த, வெடிக்காத நெற்றுடைய கொன்றையின் வேரில் இம்முடிச்சுக்கள் இல்லை. புளியும் அவ்வாறே.

பிள்ளைகளை எச்சரியுங்கள்

குண்டுமணிக் கொடியின் சிறிய நெற்று வெடித்துச் சுருண்டதும், கறுப்புப் பொட்டுள்ள சிவப்பு விதைகள் தெரியும். பார்க்க அழகானாலும் கொடிய நஞ்சு. கடித்து விழுங்கினால் உயிராபத்து நேரலாம். பிள்ளை வாயில் போட்டுவிட்டால் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். சீமைக்கிளுவை விதையும் உண்ணத்தக்கதல்ல.

பூனைக்காலியின் வளைந்த நெற்றில் பொன்னிற மயிர்கள் அடர்ந்திருக்கும். தொட்டால் தாங்கமுடியாத அரிப்பு உண்டாகும்.

இன்னொன்றையும் மறக்கவேண்டாம். கண்ணிவெடி அகற்றப்பட்டதென அறிவிக்கப்படாத பற்றைக்குள் நெற்றுப் பொறுக்கச் செல்லாதீர்கள், பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள்.

விதையைச் சேமித்தல்

பறித்த நெற்றைச் சாக்கில் பரப்பி, மேலே ஒரு துணியால் மூடிக் காயவிடுங்கள். வெடிக்கும் விதைகள் சிதறா. பூச்சி துளைத்தவற்றை நீக்கி, நன்கு உலர்ந்த விதையைச் சாம்பல் கலந்து போத்தலில் இறுக மூடி வையுங்கள். பெயரையும் பறித்த மாதத்தையும் எழுதி ஒட்டுங்கள்.

இப்பில் இப்பில் விதையின் தோல் கடினமானது. கொதித்த நீரைச் சிறிது ஆறவிட்டு, அதில் விதையை இரண்டு மூன்று நிமிடம் போட்டெடுத்து, ஓரிரவு பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து மாரி மழையோடு நடுங்கள். சீமைக்கிளுவை விதைக்கு ஓரிரவு ஊறவைத்தலே போதும்.

கதியாலை நெடுந்தூரம் சுமந்து செல்ல முடியாது. வெட்டிச் சில நாட்களில் காய்ந்துவிடும். ஒரு போத்தல் விதையோ கைப்பையில் அடங்கும். எங்கு குடியமர்ந்தாலும் அதிலிருந்து ஒரு வேலியை மீண்டும் எழுப்பலாம். இந்தக் கோடையிலேயே ஒரு போத்தலை நிரப்பி, அயலவருக்கும் ஒரு பிடி கொடுங்கள்.