பேட்டரி மாற்றும் முன் மீட்டர் வையுங்கள்!

‘பழைய அம்பாசடர் கார் வைத்திருக்கிறேன். புது பேட்டரி போட்டும் இரண்டே நாளில் சார்ஜ் இறங்கிவிடுகிறது. என்ன செய்வது?’

இன்னொரு பேட்டரிக்குப் பணம் போடாதீர்கள். மல்டிமீட்டரை பேட்டரி முனைகளில் வையுங்கள். முழு சார்ஜில், வண்டி ஓடாதபோது 12.6 வோல்ட் காட்டும். இன்ஜினை ஓடவிட்டு ஆக்சிலேட்டர் கொடுத்தால் 13.8 முதல் 14.4 வரை ஏற வேண்டும்.

ஏறவில்லையா? ஃபேன் பெல்ட் தளர்வு, முனைகளில் பூத்த உப்பு, எர்த் ஒயர் மூன்றையும் சரிசெய்யுங்கள். பிறகும் ஏறாவிட்டால் ஆல்டர்நேட்டரின் கார்பன் பிரஷ், ரெகுலேட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு. பேட்டரி தண்ணீர் சீக்கிரம் வற்றும்.

சார்ஜ் சரியாக ஏறுகிறதா? இரவில் மைனஸ் ஒயரைக் கழற்றி வையுங்கள். காலையில் மாட்டியதும் நன்றாக ஸ்டார்ட் ஆனால், எங்காவது மின்கசிவு இருக்கலாம்.

இன்ஜின் ஓடும்போது மட்டும் பேட்டரி ஒயரைக் கழற்றாதீர்கள். ஆல்டர்நேட்டர் டையோடு எரிந்துவிடும்.