விமானி கையைத் தூக்கினார், விமானம் நேராகப் பறந்தது! எல்மர் ஸ்பெரியைத் தெரியுமா?

எட்டுக் கம்பெனிகளைத் தொடங்கியவர். ஏறக்குறைய 400 காப்புரிமைகளுக்குச் சொந்தக்காரர். கப்பல், விமானம், ரயில் என்று மூன்றிலும் கைவைத்தவர். ஆனால், பெயரைச் சொன்னால் நம்மில் பலர் திருதிருவென்று முழிப்போம்! அவர்தான் எல்மர் ஆம்ப்ரோஸ் ஸ்பெரி. 1860-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், சின்சினாட்டஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். பிறந்த கையோடு தாயை இழந்தவரை வளர்த்து ஆளாக்கியது தாத்தா பாட்டி வீடு. வாழ்நாள் முழுக்க அவருக்கு ஒரே பித்து: பாதை விலகினால் தானே உணர்ந்து, மனிதர் கை படாமல் தானே திருத்திக்கொள்ளும் இயந்திரம்! அந்தப் பித்து எங்கெல்லாம் கொண்டுபோய் விட்டது தெரியுமா?

முதல் சென்சார், ஒரு தெருவிளக்கில்!

எடிசன் பல்பு பரவுவதற்கு முன் நகரத் தெருக்களில் எரிந்தவை ஆர்க் விளக்குகள். இரண்டு கரித்தண்டுகளுக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து கண்ணைப் பறிக்கும் ஒளி வரும். தண்டு எரிய எரிய இடைவெளி அகலும். விளக்கு துடிக்கும், அணையும். இளைஞர் ஸ்பெரி என்ன செய்தார் தெரியுமா? மின்னோட்டத்தில் வரும் மாற்றத்தை வைத்தே தண்டுகளைத் தானாக நெருங்க வைத்தார்! இருபதுகளின் தொடக்கத்திலேயே சிகாகோவில் சொந்தக் கம்பெனி. அந்த ஊர் வர்த்தக வாரியக் கட்டடத்தின் கோபுர உச்சியில் எரிந்ததும் அவருடைய விளக்குகளே! பிறகு சுரங்க இயந்திரம், டிராம், மின்சாரக் கார், பேட்டரி என்று ஒன்றுவிடாமல் ஒரு சுற்று சுற்றி வந்தார். ஆம், 1890களிலேயே மின்சாரக் கார்!

இரும்புக் கப்பலில் திசைகாட்டிக்குப் பைத்தியம் பிடித்தது!

மரக்கப்பல் காலத்தில் காந்த ஊசி ஒழுங்காக வடக்கைக் காட்டியது. எஃகுக் கப்பல் வந்ததும் ஊசி தடுமாறியது. சுற்றிலும் இரும்பு, போர்க்கப்பலில் பீரங்கி மேடை திரும்பினால் ஊசியும் இழுபடும்! நீர்மூழ்கிக்குள்ளோ நிலைமை இன்னும் மோசம். அப்போதுதான் ஸ்பெரியின் கண் ஜைரோஸ்கோப் மேல் விழுந்தது. வேகமாகச் சுழலும் பம்பரம் சாயாமல் நிற்கிறதல்லவா, அதே சங்கதிதான். சுழலும் சக்கரத்தின் அச்சு தன் திசையை லேசில் விட்டுக்கொடுக்காது. ஆனால், அடியில் பூமி சுழன்றுகொண்டே இருக்கிறது. அச்சில் ஓர் எடையைச் சரியாகக் கட்டிவிட்டால், பூமியின் சுழற்சியும் ஈர்ப்பும் சேர்ந்து அச்சை மெல்ல மெல்ல வடக்கு தெற்காகத் திருப்பி நிறுத்திவிடும். காந்தமே இல்லாத திசைகாட்டி! அது காட்டுவதும் காந்த வடக்கை அல்ல, அசல் வடக்கை! 1910-ல் புரூக்ளினில் ஸ்பெரி ஜைரோஸ்கோப் கம்பெனி பிறந்தது. 1911-ல் டெலவேர் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் கருவி ஏறியது.

வழக்கில் சாட்சி யார்? ஐன்ஸ்டைன்!

ஸ்பெரிக்கு முன்பே ஜெர்மனியில் ஒருவர் ஜைரோ திசைகாட்டி செய்திருந்தார். பெயர் ஹெர்மன் ஆன்ஷுட்ஸ்-கேம்ஃபே. அவர் படித்தது என்ன தெரியுமா? கலை வரலாறு! பனிக்கட்டிக்கு அடியில் நீர்மூழ்கியிலேயே வடதுருவம் போக வேண்டும் என்பது அவர் கனவு. அதற்காகத்தான் கருவியைச் செய்தார். வேடிக்கை என்னவென்றால், துருவத்தை நெருங்க நெருங்க ஜைரோ திசைகாட்டி வலுவிழக்கும். துருவத்தில் வேலையே செய்யாது! ஸ்பெரி ஜெர்மனியில் கருவியை விற்க முயன்றதும் காப்புரிமை வழக்கு வெடித்தது. நீதிமன்றம் கருத்துக் கேட்ட நிபுணர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன்! காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்தவராயிற்றே. முடிவு ஆன்ஷுட்ஸ் பக்கம் சாய்ந்தது; ஸ்பெரிக்குத் தோல்வி. பின்னாளில் ஐன்ஸ்டைன் ஆன்ஷுட்ஸின் புதிய ஜைரோ வடிவமைப்புக்குக் கைகொடுத்து, ராயல்டியும் வாங்கினார்!

விமானத்தில் ஆளே இல்லாத இருக்கை!

1914 ஜூன் 18. பாரிஸ் அருகே சேன் நதிக்கரை. விமானப் பாதுகாப்புப் போட்டி. ஸ்பெரியின் மகன் லாரன்ஸ், வயது 21, பறக்கும் படகு ஒன்றை ஓட்டி வருகிறார். நடுவர்கள் எதிரே இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்குகிறார். விமானம் நேராகப் போகிறது! அடுத்த சுற்றில் கூட வந்த மெக்கானிக் எமில் காஷான் இறக்கை மேல் ஏறி நடக்கிறார். ஒரு பக்கம் எடை கூடியும் விமானம் சாயவில்லை! அதற்கடுத்த சுற்றில் லாரன்சும் எழுந்து மறுபக்க இறக்கைக்குப் போய்விட்டார். இருக்கை காலி! ஓட்டியது, சுமார் 18 கிலோ எடையுள்ள ஜைரோ கருவி. 50,000 ஃபிராங்க் பரிசு கிடைத்தது. இன்றைய ஆட்டோபைலட்டின் பிறப்பு இதுதான். விமானத் துறைச் சாதனைக்கான அந்த ஆண்டின் காலியர் கோப்பை அப்பாவுக்குப் போனது. சோகம் என்னவென்றால், 1923 டிசம்பரில் ஆங்கிலக் கால்வாயைத் தனியாகக் கடக்கக் கிளம்பிய லாரன்ஸ் கடலில் விழுந்து மாண்டார்.

டிரோன் நேற்று வந்ததல்ல!

முதல் உலகப்போர் காலத்தில் ஸ்பெரியும் பீட்டர் கூப்பர் ஹெவிட் என்ற பொறியாளரும் சேர்ந்து ஆளில்லா விமானம் செய்தார்கள். 1918 மார்ச் 6-ல், லாங் ஐலண்டில் அது ஏறக்குறைய 900 மீட்டர் தானாகவே பறந்தது. வெடிகுண்டைச் சுமந்துபோய் இலக்கில் விழுவதுதான் திட்டம். நம்பகமாகப் பறக்க வைக்க முடியாமல் திட்டம் கைவிடப்பட்டது. என்றாலும், இன்றைய ஏவுகணைகளின் முன்னோடிகளில் அதற்கு இடம் உண்டு!

கப்பலின் ஆட்டத்தை அடக்கிய குட்டி ஜைரோ!

கப்பல் ஆட்டத்தைப் பெரிய சக்கரம் வைத்து அடக்கலாம் என்று ஜெர்மானியர் ஒட்டோ ஷ்லிக் முன்பே காட்டியிருந்தார். ஸ்பெரி சேர்த்த மசாலா என்ன தெரியுமா? ஒரு குட்டி ஜைரோ! கப்பல் சாயத் தொடங்கும் கணத்திலேயே குட்டி மோப்பம் பிடிக்கும், மோட்டாருக்குச் சொல்லும், மோட்டார் பெரிய ஜைரோவைத் திருப்பிச் சாய்வைத் தொடக்கத்திலேயே மடக்கிவிடும். 1932-ல் இத்தாலியின் கோன்டே டி சவோயா என்ற சொகுசுக் கப்பலில் மூன்று ராட்சத ஜைரோக்கள் பொருத்தப்பட்டன. ஒவ்வொன்றும் 100 டன்னுக்கு மேல்! இதைப் பார்க்க ஸ்பெரி இல்லை, 1930-லேயே காலமாகிவிட்டார். ஆட்டத்தை அடக்கியதோடு அவர் நிற்கவில்லை; 1920களிலேயே அவருடைய தானியங்கிச் சுக்கான் கருவி கப்பல்களில் வேலைக்குச் சேர்ந்துவிட்டது. சோர்வில்லாமல், சோறு கேட்காமல் சுக்கான் பிடிக்கும் அதற்கு மாலுமிகள் ‘மெட்டல் மைக்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள்!

கண்ணை மூடிக்கொண்டு தரையிறங்கிய விமானம்!

1929 செப்டம்பர் 24. நியூயார்க்கின் மிட்செல் ஃபீல்டு. ஜிம்மி டூலிட்டில் என்ற விமானி, வெளியே எதுவும் தெரியாதபடி மூடிய இருக்கையில் உட்கார்ந்து மேலேறி, சுற்றிப் பறந்து, தரையிறங்கினார்! முன் இருக்கையில் பாதுகாப்புக்கு இருந்த விமானி கட்டுப்பாட்டைத் தொடவே இல்லை. டூலிட்டிலுக்கு வழிகாட்டியவற்றில் இரண்டு, ஸ்பெரி கம்பெனியின் செயற்கை அடிவானமும் திசை ஜைரோவும். அவற்றின் பின்னால் உழைத்தவர் ஸ்பெரியின் இன்னொரு மகன், எல்மர் ஜூனியர்! மேகத்துக்குள்ளும் மூடுபனியிலும் இன்று விமானம் பறப்பதற்குப் போட்ட பிள்ளையார் சுழி அது.

தண்டவாளத்துக்கும் ஸ்கேன்!

1911-ல் நியூயார்க் மாநிலம் மான்செஸ்டரில் ரயில் தடம்புரண்டு 29 பேர் மாண்டார்கள். காரணம், தண்டவாளத்தின் உள்ளே ஒளிந்திருந்த விரிசல். வெளியே பார்த்தால் துளியும் தெரியாது! ஸ்பெரி செய்தது இது: ஓடும் வண்டியிலிருந்து தண்டவாளத்துக்குள் மின்சாரம் பாய்ச்சுவது. விரிசல் இருந்தால் மின்னோட்டம் வளைந்து போகும். அதைச் சுற்றிய காந்தப்புலமும் மாறும். சென்சார் அதைப் பிடித்ததும் அந்த இடத்தில் தானாகவே பெயிண்ட் தெறித்து அடையாளம் வைக்கும்! 1928-ல் வண்டி வேலைக்கு இறங்கியது.

ஜிபிஎஸ் வந்த பிறகுமா ஜைரோ?

ஆமாம்! இன்றைய செல்போனுக்குள்ளும் ஒரு ஜைரோ உண்டு. சுழலும் சக்கரம் அல்ல. சிலிக்கானில் செதுக்கிய, அதிரும் நுண்ணிய அமைப்பு. நடந்துகொண்டே வீடியோ எடுக்கும்போது கை நடுக்கத்தை உணர்ந்து சொல்வது அதுதான். கப்பல் சமாசாரம் இன்னும் கறார்: 500 டன்னும் அதற்கு மேலும் கொள்ளளவுள்ள சரக்குக் கப்பல்கள் சர்வதேசப் பயணம் போக வேண்டுமானால், காந்தத்தை நம்பாமல் திசை காட்டும் ஜைரோ திசைகாட்டியோ அதற்கு இணையான கருவியோ கட்டாயம். இன்னொன்றையும் யோசியுங்கள்: செயற்கைக்கோள் சிக்னலை எதிரி குழப்பலாம், தடுக்கலாம். பூமி சுழல்வதை யாரால் நிறுத்த முடியும்?