கடற்கன்னி உண்டா?

“கடற்கன்னி உண்டா, ஸார்?” தூத்துக்குடிக் கடற்கரையில் மாணவர்கள் நம்மைக் கேட்பதுண்டு.

சேதுவைக் கட்டவிடாமல் தடுக்க வந்த இராவணன் மகளாகிய மச்சகன்னி, அநுமனிடமே மனத்தைப் பறிகொடுத்தாள் என்கிறது தாய்லாந்தின் இராமாயணமாகிய ‘ராமகியென்’. அந்தச் சேதுவோ நமது முத்துக்குளித்துறைக்கு அண்டை!

1560-இல் மன்னாரருகே ஏழு ‘மச்ச மனிதர்’ பிடிபட்டதாகவும், கோவா வைத்தியரொருவர் அவற்றை அறுத்துப் பார்த்ததாகவும் யேசு சபையார் குறிப்புகள் கூறும். அவை ஆவுளியா என்னும் கடற்பசுக்களாகவே இருந்திருக்கக்கூடும். மார்பில் குட்டிக்குப் பாலூட்டும் சாதுப் பிராணி அது.

கதையில் காதலித்தோம், கடலில் கறிக்காகக் கொன்றோம்! 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கொல்வதைத் தடுக்கிறது. 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர்க் காப்பகமும் ஏற்பட்டது. அதன் இரையாகிய கடற்புல் அழியுமாயின், சட்டம் என் செய்யும்?

“உண்டு, தம்பி, நாம் விட்டுவைத்தால்!” என்பதே நமது விடை.