அறுந்த பேச்சுக்கு யார் ஜவாப்?

ஆடிக் கடைசி வெள்ளியன்று இருக்கன்குடி மாரியம்மன் சந்நிதியில் லக்ஷக்கணக்கான ஜனங்கள் கூடுகின்றனர். அனைவரும் ஒரே சமயத்தில் கைபேசியை எடுத்தால் கோபுரம் தாங்குமா? கூட்டத்தில் பிள்ளையைத் தவறவிட்ட தாயின் அழைப்பு பாதியில் அறுந்தால், முன்பணம் வாங்கிய கம்பெனி ஜவாப்தாரியல்லவா?

அறுந்த அழைப்புக்கு ஒரு ரூபாய் வீதம், நாளொன்றுக்கு 3 அழைப்புகள் வரை சந்தாதாரருக்கு நஷ்டஈடு தர வேண்டுமென்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2015-இல் விதி செய்தது. கம்பெனிகள் வழக்காடின, 2016 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு அவ்விதியை ரத்துச் செய்தது. 2024-இல் பிறந்த புது விதியோ, ஜில்லா அளவில் 24 மணி நேரத்திற்கு மேல் சேவை நின்றால்தான் ஈடு தரச் சொல்கிறது. திருவிழாவின் சில மணி நேரத் தவிப்பு அக்கணக்கில் ஏறாது.

அறுந்த அழைப்பெல்லாம் கம்பெனியின் குற்றமன்று என்பதை நாம் ஒப்புகிறோம். ஆனால் திருவிழா நாள் ரகசியமன்று, பஞ்சாங்கம் அறிந்ததே. நடமாடும் கோபுர வண்டிகளை முன்னரே கொணர்ந்து நிறுத்த என்ன தடை? விழாவுக்கு முன்பே கம்பெனிகளை அழைத்து இதைக் கேட்பது ஜில்லா அதிகாரிகளின் கடமை. அவர்களைக் கேட்க வைப்பது நமது கடமை.