ஜகாட்: ஓர் இயக்குநரும் ஒரு சொல்லும்



நாம் கூடியிருக்கும் இவ்வூரின் பெயரிலிருந்தே தொடங்குவோம். 'சமநிலம்' எனப் பொருள்படும் மலாய்ப் பெயர், தமிழர் நாவில் 'தானா ராத்தா' ஆயிற்று. முதற்சொல்லின் இறுதியில் நின்ற ஹகரம் மறைந்தது. இரண்டாம் சொல்லில் தகரம் இரட்டித்தது. உயிர்களுக்கிடையே தனித்து நிற்கும் தகரம் தமிழில் மெலிந்தொலிக்கும். வல்லொலியைக் காக்க இரட்டிப்பே வழி. இம்மாற்றம் பிழையன்று, ஒலியியல் ஒழுங்கு. வடசொற்கள் தம் எழுத்தை விடுத்துத் தமிழெழுத்தை ஏற்று வரும் முறையைத் தொல்காப்பியமே வகுத்துள்ளது.

இவ்வொழுங்கை ஒரு திரைப்படத்தின் தலைப்பாக்கியவர் மலேசிய இயக்குநர் சஞ்சய் குமார் பெருமாள். குறும்படங்களில் பயின்ற அவருடைய முதல் முழுநீளப் படம் 'ஜகாட்' 2015 டிசம்பரில் திரைக்கு வந்தது. மலாயில் 'ஜஹாட்' என்றால் தீயது, கெட்ட நடத்தை. உயிர்களுக்கிடையே வரும் ஹகரத்தைத் தமிழ் ககரமாக ஏற்பது பழைய வழக்கு. தேஹம் தேகமாகவும் மோஹம் மோகமாகவும் ஆனவாறே, தோட்டத் தமிழர் வாயில் ஜஹாட் 'ஜகாட்' ஆயிற்று. உலகத்தைக் குறிக்கும் 'ஜகத்' என்னும் வடசொல் வேறு. இரண்டையும் மாணவர் குழப்பிக்கொள்ளலாகாது.

படத்தின் காலம் 1990களின் தொடக்கம். இரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் வேலையும் குடியிருப்பும் ஒருங்கே இழந்து, நகரோரப் புறம்போக்குகளில் ஒதுங்கிய குடும்பங்களின் கதை அது. அப்போய் என்னும் 12 வயதுச் சிறுவன் குறும்பும் கற்பனையும் மிக்கவன். கல்வியொன்றே கரையேற்றும் என நம்பும் தந்தை அவனைக் கண்டிப்பால் திருத்த முயல்கிறார். சிற்றப்பன்மாரில் ஒருவர் குண்டர் கூட்டத்தைச் சேர்ந்தவர். மற்றவர் போதையிலிருந்து மீள முயல்பவர். இவர்களுக்கிடையே சிறுவன் சிறிது சிறிதாகத் தடம் மாறுகிறான். 'ஜகாட்' என்னும் சொல் அவன்மீது ஒட்டப்படும் முத்திரையாகிறது.

தோட்டத் தமிழர் வாழ்வு திரையேறுவது இது முதன்முறையன்று. தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' 2005இல், பல்கலைக்கழகக் கல்வியை அவாவும் தோட்டத்துப் பெண்ணொருத்தியின் கதையைச் சொல்லிற்று. அதற்கும் நெடுங்காலம் முன்பே மலாய்த் திரையுலகை உருவாக்கியோரில் இந்திய வம்சாவளியினர் பலர் இருந்தனர். பி. ரம்லியை முதன்முதலாகக் கதைத்தலைவனாக்கிய 'பக்தி' (1950) என்னும் மலாய்ப் படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன் என்னும் தமிழரே.

மலாயில் படமெடுத்த தமிழரை நாட்டின் கலைஞராக ஏற்பதில் ஐயம் எழவில்லை. தமிழில் படமெடுத்தவருக்கோ ஐயம் எழுந்தது. 2016ஆம் ஆண்டின் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், தேசிய மொழியில் அமையாத படங்கள் தனிப் பிரிவில் வைக்கப்பட்டன. 'ஜகாட்' படமும் அவற்றுள் ஒன்று. மலாய்க் கலைஞர் சிலரும் இதனை எதிர்த்தனர். மூத்த ஒளிப்பதிவாளர் முகமது நூர் காசிம் விழாவிலிருந்தே விலகினார். விவாதத்தின் பயனாய்ச் சிறந்த படத்துக்கான விருது எல்லா மொழிப் படங்களுக்கும் திறக்கப்பட்டது. தேசிய மொழிப் படத்துக்கெனத் தனி விருதும் அமைந்தது. செப்டம்பரில் மலேசியாவின் சிறந்த திரைப்படம் என்னும் விருது 'ஜகாட்' படத்துக்கே கிடைத்தது.

இவ்விருதினை ஒரு படத்தின் வெற்றியென்று மட்டும் கொள்ளற்க. அப்படத்தின் பெயர் தூய மலாயுமன்று, தூய தமிழுமன்று. இம்மண்ணில் இரண்டும் கலந்து பிறந்த சொல். அதனாலேயே அது முழுமையான மலேசியச் சொல்லாகிறது.

ஆசிரியர்களுக்கு ஒன்று கூறி அமைவேன். வகுப்பறையில் ஒரு மாணவன் 'ஜகாட்' என்று ஒலித்தால், மலாய்ப் பாடத்தில் அதன் சரியான வடிவைக் கற்பியுங்கள், அது கடமை. ஆயின் அவ்வொலிப்புக்காக அவனை எள்ளி நகையாடாதீர். அவன் நாவில் தமிழின் இலக்கணம் இயங்குகிறது. அச்சொல்லையே ஒரு சிறுவன்மேல் முத்திரையாகக் குத்திவிட்டால் என்ன நேரும் என்பதை அப்போயின் கதை காட்டிவிட்டது.