ஓல்னி ஊரின் இரண்டு நண்பர்கள்

ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பர் 1800 ஏப்ரல் 25 அன்று, இங்கிலாந்தின் ஈஸ்ட் டீரம் என்ற ஊரில் இறந்தார். கடவுள் தன்னைத் தள்ளிவிட்டார், தனக்கு மன்னிப்பே கிடையாது என்ற எண்ணத்தோடுதான் அவர் உயிர் பிரிந்தது. கூடவே இருந்து கவனித்துக்கொண்ட உறவினர் ஜான் ஜான்சன், இரட்சகரின் அன்பைச் சொல்லித் தேற்றப் பார்த்தார். அந்தப் பேச்சே வேண்டாம் என்று கூப்பர் கெஞ்சினார்.

இத்தனைக்கும் அவர் நாத்திகர் அல்ல. இம்மானுவேலின் இரத்தத்தைப் பாவம் கழுவும் ஊற்றாகப் பாடிய அவருடைய ஞானப்பாட்டைத் தமிழ்ச் சபைகள் இன்றும் பாடுகின்றன.

அவருடைய உயிர் நண்பர் ஜான் நியூட்டன். உலகெங்கும் துக்க வீடுகளில் ஒலிக்கும் 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதியவர். நியூட்டன் குருவாக இருந்த ஓல்னியில் இருவரும் அக்கம்பக்கத்தில் வசித்தார்கள். இருவரின் பாட்டுகளும் 1779-ல் ஒரே புத்தகமாக வெளிவந்தன. நம்பிக்கை ஒன்று, ஊர் ஒன்று, புத்தகம் ஒன்று. மரணத்தை எதிர்கொண்ட விதம் மட்டும் நேர் எதிர்.

கிறிஸ்தவர்கள் கிருபை என்று சொல்வது, தகுதி பார்க்காமல் கடவுள் காட்டும் தயவை. இரட்சிப்பு மனிதன் செய்த நற்செயலுக்குக் கூலி அல்ல, கடவுள் இலவசமாகத் தரும் ஈவு என்கிறது எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் 2-ம் அதிகாரம். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. சாவு வாசலுக்கு வரும்போதுதான், செய்த தவறெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வருகிறது.

நியூட்டனுக்கு அந்த வரிசை நீளமானது. 1748-ல் அட்லாண்டிக் கடலில் புயலில் சிக்கியபோதுதான் அவர் கடவுளை நோக்கிக் கூப்பிட்டார். அதற்குப் பிறகும் ஆப்பிரிக்க மக்களை விலங்கிட்டு ஏற்றிச் செல்லும் கப்பல்களுக்குக் கேப்டனாக இருந்தார். 1754-ல் அவர் கடல் தொழிலை விட்டதும் உடல்நலம் கெட்டதால்தானே தவிர, மனசாட்சி குத்தியதால் அல்ல. மனசாட்சி விழிக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. 1788-ல்தான் அடிமை வியாபாரத்தின் கொடுமைகளை அம்பலப்படுத்தித் துண்டுநூல் எழுதினார், தன் பங்கையும் மறைக்காமல். கிருபையைப் பற்றி அவர் பேசியதை நம்ப முடிகிறது என்றால், இந்த ஒப்புதலால்தான்.

முதுமையில் கண் மங்கியது, ஞாபகம் தப்பியது. 80 வயதிலும் பிரசங்க பீடத்தை விட மறுத்தார். கடைசி நாட்களில் பார்க்க வந்த வில்லியம் ஜே என்ற போதகரிடம், எல்லாம் மறந்துபோனாலும் இரண்டு விஷயங்கள் மறக்கவில்லை என்றாராம்: தான் பெரும் பாவி, கிறிஸ்து பெரும் இரட்சகர். 1807 மார்ச்சில் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைச் சட்டத்தால் தடை செய்தது. அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று நியூட்டன் அமைதியாகக் காலமானார். தன் கல்லறை வாசகத்தை அவரே எழுதி வைத்திருந்தார். அதில் தன் சாதனை என்று எதையும் சொல்லவில்லை. கிறிஸ்துவின் இரக்கத்தால் காக்கப்பட்டவன், மன்னிக்கப்பட்டவன் என்றே தன்னைக் குறிப்பிட்டார்.

கூப்பரின் கதை வேறு. அவருக்கு மனநோய். 1763-ல் தற்கொலைக்கு முயன்று, செயின்ட் ஆல்பன்ஸ் ஊர் மருத்துவர் ஒருவரின் பராமரிப்பில் இருந்தார். அங்கேதான் ரோமர் நிருபத்தைப் படித்து விசுவாசத்துக்கு வந்தார். பத்தாண்டுக்குள் நோய் திரும்பியது. 1773-ல், நீ அழிந்தாய் என்று கடவுளே சொல்வதுபோல ஒரு கனவு. அதன் பிறகு அவர் கோயிலுக்குள் காலடி வைக்கவே இல்லை.

நியூட்டன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தன் வீட்டுக்கு அழைத்துவந்து ஒரு வருஷத்துக்கும் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார். கூப்பர் இறந்ததும் அவருக்காக நினைவுப் பிரசங்கம் செய்தார். நண்பர் கடவுளின் கையில்தான் இருக்கிறார் என்பதில் நியூட்டனுக்குக் கடைசிவரை சந்தேகம் இருந்ததில்லை. மரணமோ வாழ்வோ கடவுளின் அன்பிலிருந்து நம்மைப் பிரிக்காது என்று பவுல் ரோமருக்கு எழுதினார் அல்லவா? அப்படியானால் நோயுற்ற மனத்தின் பயமும் பிரிக்காது. கிருபை உண்மையென்றால், அதைப் பிடித்துக்கொள்ளத் தெம்பில்லாதவரையும் அது பிடித்துக்கொள்ள வேண்டும். சாகிறவர் தைரியமாக இருந்தால்தான் கிருபை செல்லும் என்றால், அதுவும் ஒருவகைக் கூலிதான்.

நம் சபைகளில் சாகக் கிடப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். விசுவாசத்தில் உறுதியாக இருக்கிறீர்களா, பயம் போய்விட்டதா என்று கேட்டு அவருக்குப் பரீட்சை வைக்காதீர்கள். அவர் அழுதால் அழட்டும், பயந்தால் பயப்படட்டும். அவரால் ஜெபிக்க முடியவில்லையென்றால், பக்கத்தில் உட்கார்ந்து அவருக்காக நீங்கள் ஜெபியுங்கள்.